எழுதியவர் பெயர் எங்கே இருக்கிறது?

உழைத்து எழுதிய கட்டுரை மறுநாளே வேறொரு தளத்தில் எழுத்துப்பிழை உட்பட அப்படியே வந்திருக்கும். எழுதியவர் பெயரை மட்டும் காணோம். இணையத்தில் எழுதுகிறவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. பெரும்பாலோர் நாலு பேரிடம் புலம்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

ஆனால் சட்டம் அவர்களை அவ்வளவாகக் கைவிட்டுவிடவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 57-ஆம் பிரிவின்படி, பதிப்புரிமையை விற்ற பிறகும் 'இது நான் எழுதியது' என்று கோரும் உரிமை எழுதியவரிடமே தங்குகிறது. வெளியான பிரதியில் ஆசிரியராக யார் பெயர் இருக்கிறதோ, மாற்றி நிரூபிக்கும்வரை அவரையே ஆசிரியராகக் கொள்ள வேண்டும் என்கிறது 55-ஆம் பிரிவு. பதிப்புரிமையைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

ஆகவே பெயரைப் போட வேண்டும். அதுவும் இரண்டு இடத்தில். திரையில் தெரியும் பெயர் வாசகருக்கு. தேடுபொறிக்கோ அது பத்தோடு பதினொன்றான ஒரு சொல். அதற்காக இரண்டாவது இடம், பக்கத்தின் ஹெச்டிஎம்எல் நிரல்: அதில் 'மெட்டா ஆத்தர்' என்று ஒரு வரி சேர்க்கலாம். அதைவிடத் தெளிவானது, கூகுள், பிங், யாஹூ சேர்ந்து 2011-இல் கொண்டுவந்த ஸ்கீமா முறை. அதில் ஆசிரியர் பெயருக்கும் அவருடைய அறிமுகப் பக்கத்தின் முகவரிக்கும் தனித்தனிப் புலங்கள் உண்டு. பெயருக்கான புலத்தில் பெயர் மட்டுமே வேண்டும், பட்டம், பதவி, 'எழுதியவர்' என்ற சொல் எதுவும் கூடாது என்பது கூகுளின் அறிவுரை. முனைவர் பட்டத்தை விட்டுக்கொடுப்பது நம்மவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்! இரண்டு பேர் எழுதியிருந்தால் இருவரையும் தனித்தனியே குறிக்க வேண்டும்.

நிரலில் பெயர் குறித்தவர்களுக்கு ஒரு சலுகையாக, 2011-இல் கூகுள் தேடல் முடிவுகளில் எழுதியவரின் படத்தையே காட்டத் தொடங்கியது. 2014-இல் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டது. ஒரு நிறுவனத்தின் சலுகையை நம்பிப் பெயர் போட்டவர்களுக்கு ஏமாற்றம்தான்.

புனைபெயரில் எழுதுகிறவர்களுக்கு வேறொரு ஆபத்து. வேர்ட்பிரஸில் ஆசிரியர் பக்கத்தின் முகவரி, மாற்றாவிட்டால், உள்நுழையும் பெயரைக் கொண்டே அமைகிறது. சொந்தப் பெயரில் கணக்கு தொடங்கியவர் அங்கே மாட்டிக்கொள்வார். விசைப்பலகையில் கண்ட்ரோலையும் யூவையும் சேர்த்து அழுத்தி, நிரலில் என்ன பெயர் நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

திருட்டு நடந்துவிட்டால் முதலில் திருடியவரின் பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து, இணைய ஆவணக் காப்பகத்திலும் சேமிக்க வேண்டும். ஆசிரியர் பெயர் போன்ற உரிமை விவரங்களைத் தெரிந்தே நீக்கினால், 2012 திருத்தத்தில் வந்த 65பி பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பிறர் இடும் பதிவுகளைக் காட்டும் சில வகை இடைநிலைத் தளங்களுக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம்; அதில் நியாயம் இருப்பதாகத் தளத்தார் கருதினால், 36 மணி நேரத்துக்குள் அந்தப் பக்கத்தை அவர்கள் முடக்க வேண்டும். ஆனால் அந்த முடக்கம் 21 நாளுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற ஆணை போய்ச் சேராவிட்டால் பக்கத்தை மறுபடி திறந்துவிடலாம் என்பதால், புகாரை அனுப்பும் வாரத்திலேயே வழக்கறிஞரையும் பார்த்துவிட வேண்டும்.