உங்களுக்குத் தெரியுமா? கடைசி மூச்சுக்கு ஓர் ஒத்திகை

சாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே ‘வாயைக் கழுவு’ என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். பௌத்தத்தில் அதற்குப் பயிற்சியே உண்டு. உயிர் பிரியும் நேரத்தில் மனம் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ, அடுத்த பிறவி பெரும்பாலும் அந்த வழியில் போகும் என்பது நம்பிக்கை. அந்த ஒரு நொடிக்காக நாட்டுக்கு நாடு செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகளில் சில இங்கே.

★ மரணத்தை நினைத்துப் பழகுகிறீர்களா என்று நாதிகா என்ற ஊரில் புத்தர் பிக்குகளிடம் கேட்டார். இன்னும் ஒரு நாள்தான் இருப்பேன் என்று நினைத்துப் பழகுவதாக ஒருவர் சொன்னார். ஒரு வேளை சாப்பிடும் நேரம், நாலைந்து கவளம், ஒரே ஒரு கவளம் என்று கணக்கு இறங்கிக்கொண்டே வந்தது. இந்த மூச்சு உள்ளே போய் வெளியே வரும் வரைதான் என்றார் கடைசி ஆள். ஒரு கவளக்காரரும் ஒரு மூச்சுக்காரரும் மட்டுமே தேறினார்கள். மற்றவர்கள் மெத்தனமாக இருக்கிறார்கள் என்பது புத்தரின் தீர்ப்பு.

★ வாழ்நாளெல்லாம் ஒழுங்காக இருந்தவரைக் கடைசி நேரத்துக் கெட்ட நினைப்பு ஒன்று கவிழ்த்துவிடுமா? விடலாம் என்கின்றன தேரவாதப் பௌத்தப் பிரிவின் உரைநூல்கள். தொழுவத்தின் படலைத் திறந்தால் முதலில் வெளியே வருவது பலசாலிக் காளை அல்ல, வாசலை ஒட்டி நிற்கும் கிழமாடுதான். சாகும் தறுவாயில் நினைவுக்கு வரும் செயலும் அப்படி முந்திக்கொள்ளும். ஆனால் பெற்றோரைக் கொன்றது போன்ற கொடும்பாவத்தை எந்தக் கடைசி நினைப்பாலும் முந்த முடியாது.

★ இலங்கையின் சோண தேரருடைய தந்தை ஒரு வேட்டைக்காரர். தள்ளாத வயதில்தான் துறவியானார். படுத்த படுக்கையில், பெரிய பெரிய நாய்கள் கடிக்க வருவதாக அலறினார். இது நரகத்தின் முன்னறிகுறி என்று மகனுக்குப் புரிந்தது. உடனே இளம் துறவிகளை விட்டு விகாரை முற்றத்தில் பூக்களைப் பரப்பி, தந்தையைக் கட்டிலோடு தூக்கிவரச் செய்து, இதெல்லாம் உங்கள் பெயரில் செய்த பூசை, மனதார வணங்குங்கள் என்றார். நாய்கள் மறைந்தன. சற்று நேரத்தில் கிழவர் முகம் மலர்ந்து, ‘விலகி நில் சோணா, உன் சிற்றன்னையர் வருகிறார்கள்’ என்கிற பாணியில் பேசத் தொடங்கினார். வந்தவர்கள் தேவலோகப் பெண்கள் என்று முடிகிறது உரைநூலின் கதை.

★ எல்லாளனை வென்ற இலங்கை மன்னன் துட்டகைமுனுவின் மரணப் படுக்கையில் அவன் செய்த தானங்களை எழுதி வைத்த ‘புண்ணியப் புத்தகம்’ வாசிக்கப்பட்டதாக மகாவம்சம் சொல்கிறது. விகாரைகள், விழாக்கள் என்று பட்டியல் நீண்டது. அரசனோ, தன் நெஞ்சைக் குளிர்வித்தவை கஷ்டகாலத்தில் கொடுத்த இரண்டு தானங்கள்தான் என்றான். அவற்றில் ஒன்று, பஞ்சத்தில் காதுக் குண்டலங்களை விற்று ஐந்து தேரர்களுக்கு ஊற்றிய புளித்த தினைக் கஞ்சி. அவன் கட்டத் தொடங்கிய மகாதூபி அப்போது முடிந்திருக்கவில்லை. தம்பி சத்தாதிஸ்ஸன் அதை வெள்ளைத் துணியால் போர்த்தி, வேலை முடிந்துவிட்டதாக அண்ணனுக்குக் காட்டினான். மனக்குறையோடு போகக் கூடாதல்லவா?

★ சுடுகாட்டுக்குப் போய் அழுகும் பிணத்தைப் பார்த்துத் தியானிப்பது பழைய பௌத்தப் பயிற்சி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் ‘விசுத்திமக்க’த்தை எழுதிய புத்தகோசர் இதற்குத் தரும் அறிவுரைகளில் ஒன்று நடைமுறை சார்ந்தது: போகுமுன் விகாரையில் மூத்தவரிடம் சொல்லிவிட்டுப் போ. துரத்தப்படும் திருடர்கள் களவுப் பொருளை உன் பக்கத்தில் போட்டுவிட்டு ஓடினால், உனக்காகச் சாட்சி சொல்ல ஆள் வேண்டும்!

★ 986-ல் ஜப்பானின் ஹியேய் மலையில் 25 துறவிகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மாதம் ஒருமுறை கூடி, இறப்பவரை மேற்கே உள்ள தம் தூய உலகுக்கு அழைத்துப்போவார் என்று நம்பப்படும் அமிதா புத்தரின் நாமத்தைச் சொல்வது, யாருக்கு முடியாமல் போனாலும் மற்றவர்கள் பக்கத்தில் இருந்து கடைசி வரை நாமத்தை நினைவூட்டுவது. யாரையும் தனியாகச் சாகவிடுவதில்லை என்பதுதான் ஒப்பந்தத்தின் சாரம்.

★ ஜப்பானை ஆட்டிப் படைத்த புஜிவாரா நோ மிச்சினாகா 1028-ன் தொடக்கத்தில் இறந்தார். தாம் கட்டிய கோயிலிலேயே, மேற்கு முகமாகப் படுத்து, அமிதா சிலைகளின் கைகளில் கட்டிய நூலின் மறுமுனையைப் பிடித்தபடி உயிர்விட்டதாக அக்கால நூல் வருணிக்கிறது. கியோத்தோவின் கொங்காய்கோம்யோஜி கோயிலில் இருக்கும் பழைய அமிதா ஓவியத் திரையில், புத்தரின் கையோடு இணைத்த நூலின் மிச்சத்தை இன்றும் காணலாம்.

★ இறந்தவருக்கே படித்துக் காட்டும் புத்தகம் திபெத்தின் ‘பார்தோ தோதோல்’. பழங்கால ஆசான் பத்மசம்பவர் மறைத்து வைத்ததை 14ஆம் நூற்றாண்டில் கர்ம லிங்பா கண்டெடுத்தார் என்பது மரபு. பேரொளி தோன்றும், பிறகு சாந்தமான தெய்வங்களும் உக்கிர தெய்வங்களும் வரும், எல்லாம் உன் மனம் காட்டும் காட்சிதான், பயப்படாதே என்று, மறுபிறவிக்குக் காத்திருக்கும் 49 நாள் வரை வழிகாட்டுகிறது. இதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் காங்டாக் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த லாமா காஜி தாவா சம்துப். 1927-ல் நூல் அச்சாகி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1922-லேயே காலமாகிவிட்டார்.

★ தேரவாதிகளுக்கு இந்த 49 நாள் கணக்கில் உடன்பாடு இல்லை. கடைசிச் சித்தம் அணைந்த மறுகணமே அடுத்த பிறவியின் முதல் சித்தம் எழுந்துவிடும், இடையில் காத்திருப்பே கிடையாது என்பது அவர்கள் கட்சி.

★ ‘போவா’ என்பது உயிர் பிரியும்போது உணர்வை உச்சந்தலை வழியே வெளியேற்றும் திபெத்தியப் பயிற்சி. நன்றாக இருக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டும். தேறியதற்கு அடையாளம், உச்சந்தலையில் செருகிய தர்ப்பைப் புல் விழாமல் நிற்பது!

★ தலாய் லாமாவின் ஆசிரியர் லிங் ரின்போச்சே 1983-ல் தரம்சாலாவில் இறந்தபின் 13 நாள் உடல் கெடாமல் ‘துக்தம்’ என்ற தியான நிலையில் இருந்ததாகச் சொல்கிறார்கள். இந்த நிலையில் இருந்ததாகக் கருதப்பட்டவர்களின் உடல்களை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வுக் குழு சோதித்தது. முடிவு 2021-ல் வந்தது. மூளையில் மின் அலை எதுவும் தென்படவில்லை. ஆனால் எல்லாமே, இறந்து 26 மணி நேரத்துக்குப் பிறகு எடுத்த பதிவுகள்.

★ மறுபிறவி எடுக்க அரசாங்க அனுமதி வேண்டுமா? 2007-ல் சீனா போட்ட விதியின்படி, திபெத்திய லாமாக்களின் மறுபிறவி அரசு ஒப்புதல் பெற்றால்தான் செல்லும். தம் மறுபிறவியை அடையாளம் காணும் உரிமை தமது அறக்கட்டளைக்கு மட்டுமே என்று 2025 ஜூலையில் அறிவித்தார் தலாய் லாமா.

★ புத்தர் காலத்து இல்லறத்தார் நகுலபிதா சாகக் கிடந்தார். மனைவி நகுலமாதா அழவில்லை. கவலையோடு சாவது நல்லதல்ல என்று சொல்லி, கணவர் மனத்தில் என்னென்ன ஓடும் என்பதை ஊகித்து ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். பஞ்சு நூற்கத் தெரியும், கம்பளி சிக்கெடுக்கத் தெரியும், பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொள்வேன். வேறொருவரிடம் போக மாட்டேன். புத்தரைப் பார்ப்பதையும் சீலத்தையும் விட மாட்டேன். கேட்கக் கேட்க நோய் இறங்கியது. சில நாளில் தடியூன்றி நடந்தே போய் புத்தரைப் பார்த்தார் நகுலபிதா. இப்படியொரு மனைவி கிடைத்தது உன் பாக்கியம் என்றாராம் புத்தர். நிம்மதியாக வழியனுப்பப் பேசிய பேச்சே ஆளை எழுப்பி உட்காரவைத்துவிட்டது!