விதைக்கு ஒதுக்குவதுபோல் வீட்டுக்கும் ஒதுக்குங்கள்

மல்லாட்டை பிடுங்கும் நாட்களில் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரக் கிராமங்களில் இந்த வழக்கத்தைப் பல களங்களில் காணலாம். காய் ஆய்ந்து உலர்த்தியதும் திரட்சியான காய் மூட்டை கட்டப்பட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போகிறது. அடுத்த பட்டத்துக்கு விதைக்காய் தனியே எடுத்து வைக்கப்படுகிறது. வீட்டுக்கு என்று மிஞ்சுவது சுருங்கிய காயும் பூசணம் பிடித்த காயும்தான்.

அந்த வீட்டுக்காரர் விடிந்ததும் டீக்கடையில் ஒரு டீயும் பன்னும் சாப்பிடுகிறார். பத்து மணிக்கு மறுபடி டீ. இரவில் மின்சாரம் வரும்போது மோட்டார் போடக் கண் விழித்தால் அதற்கும் ஒரு டீ. பிறகு படுத்தால் தூக்கம் பிடிப்பதில்லை. காலையில் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. வீட்டில் தொட்டதற்கெல்லாம் கோபம் வருகிறது. கடனும், விலை இறக்கமும், பொய்த்த மழையும் இதற்குக் காரணம் என்பது உண்மையே. ஆனால் உண்ணும் உணவுக்கும் இதில் பங்கு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை.

மனத்துக்கும் சத்து வேண்டும்

தழைச்சத்து குறைந்தால் பயிர் வெளுக்கிறது. அதுபோல் சில சத்துக்கள் குறைந்தால் மனிதனின் மனமும் வாடுகிறது. தக்காணப் பகுதியில் சோளத்தையே முழு உணவாகக் கொண்ட ஏழை மக்களுக்கு ‘பெல்லாக்ரா’ என்னும் நோய் கண்டது. வெயில் படும் இடங்களில் தோல் கருத்துத் தடித்ததுடன் மனச்சோர்வும், எரிச்சலும், தூக்கமின்மையும் சேர்ந்து வந்தன. ஐதராபாத்தில் டாக்டர் சி. கோபாலனும் டாக்டர் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் இதை ஆராய்ந்து 1960-ல் முடிவுகளை வெளியிட்டனர். ‘நியாசின்’ என்னும் பி வைட்டமின் உடலுக்குப் போதாமையே இந்நோயின் அடிப்படை. அதைக் கொடுத்தால் தோலும் தேறுகிறது, மனமும் தெளிகிறது.

அந்த நியாசின் மிகுந்த பயிர்களில் ஒன்று நம் நிலத்திலேயே விளைகிறது. 100 கிராம் மல்லாட்டைப் பருப்பில் சுமார் 12 மில்லிகிராம் நியாசினும், 25 கிராம் புரதமும், நரம்புகளுக்கு வேண்டிய மக்னீசியமும் உள்ளன. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-ல் தந்த டி.எம்.வி. 2, 1967-ல் தந்த டி.எம்.வி. 7 ஆகிய இரகங்கள் இந்த ஊரின் பெயரை வெளி மாநிலங்களுக்கும் கொண்டு சென்றன. அந்த ஊர்க்காரர் தட்டில் மட்டும் மல்லாட்டை இல்லாமல் போவது முறையல்ல.

இரத்தசோகையும் எரிச்சலும்

இரும்புச்சத்துக் குறைவு மற்றொரு காரணம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. சோர்வு, எரிச்சல், படுத்ததும் கால் குடைச்சல், அதனால் கெடும் தூக்கம் ஆகியவை இதன் விளைவாக வரலாம். நாற்று நடும் பெண் ‘எனக்கு ஏன் இப்படி அலுப்பாக இருக்கிறது’ என்று கேட்டால், முதலில் அவருக்கு இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது.

கம்பு, எள், முருங்கைக்கீரை ஆகியவற்றில் இரும்புச்சத்து உண்டு. கம்பை முதல் நாளே புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சினால் அந்தச் சத்து உடலில் சேர்வது எளிதாகும். உடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஆகவே உணவுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடவேண்டும்.

எவ்வளவு ஒதுக்குவது?

ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் பருப்பு போதும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ ஆகிறது. ஓர் ஏக்கர் விதைக்க எடுத்துவைக்கும் பருப்பு சுமார் 50 கிலோ. ஓர் ஏக்கர் விதைக்கு ஆவதைவிடச் சற்றே கூடுதலாக ஒதுக்கினால் வீட்டின் ஆண்டுத் தேவை முடிந்துவிடும்.

அவித்தோ, வறுத்தோ, வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்தோ உண்ணலாம். முருங்கைக்கீரைப் பொரியலில் வறுத்த மல்லாட்டையைப் பொடித்துத் தூவலாம். மல்லாட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் தவிர்க்கவேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மத்தி, நெத்திலி போன்ற மீனோ முட்டையோ சேர்ப்பது நலம்.

வீட்டுக்கு ஒதுக்கும் காய் நல்ல காயாக இருக்கவேண்டும். பூசணம் பிடித்த காயில் ‘அஃப்ளாடாக்சின்’ என்னும் நஞ்சு உண்டாகலாம். அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுமையாகப் போகாது. கறவை மாட்டுக்குக் கொடுத்தால் பாலிலும் இறங்கும். காயை ஈரப்பதம் 8 சதத்துக்கு மேல் போகாமல் உலர்த்தி, தரையில் படாமல் அடுக்கிவைக்கவேண்டும். குலுக்கினால் பருப்பு கலகலவென ஒலிப்பது காய்ந்ததற்கு ஓர் அடையாளம்.

தூக்கத்தைக் கெடுப்பவை

டீ, காப்பியில் உள்ள காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை நான்கு மணிக்குப் பின் டீக்குப் பதில் மோரோ சுக்குநீரோ குடிக்கலாம். இரவு உணவைப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. மது தூக்கத்தை வரவழைப்பதுபோல் தோன்றினாலும் நடுஇரவில் அதைக் கலைத்துவிடும்.

உணவின் எல்லை

ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு நோயுள்ள 67 பேரிடம் 12 வாரம் நடந்து 2017-ல் வெளியான சிறு ஆய்வில், காய்கறி, பயறு, முழுத்தானியம், மீன் என்று உணவைத் திருத்திக்கொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தேறினர். பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 8 பேரே தேறினர். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே சிகிச்சை பெற்றுவந்தவர்கள். ஆகவே உணவு சிகிச்சைக்குத் துணையே அன்றி அதற்கு மாற்றல்ல.

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் பாரமாக இருந்தாலோ, தூக்கமே இல்லாமல் போனாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எழுந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்கவேண்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விதைக்காயை எந்தக் கடன் நெருக்கடியிலும் எளிதில் விற்காதவர் நம் விவசாயி. அடுத்த விளைச்சல் அதில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அந்த விதையை விதைக்கும் கைக்கும், அந்த வீட்டின் நிம்மதிக்கும் அதே அக்கறையோடு ஒரு பங்கை ஒதுக்கிவைக்கவேண்டும்.