இதழ் முந்தி, ஒலி பிந்தினால்: காணொளிப் பேச்சுப் பயிற்சியும் கம்பியில்லா ஹெட்போனும்

பக்கவாதத்தால் பேச்சுத் தடைப்பட்டவர்கள் பலர், வீடு திரும்பிய பின்னரும் கணினி வழியே பேச்சுப் பயிற்சியைத் தொடர்கின்றனர். பயிற்சியாளரின் வாயசைவைப் பார்த்து, ஒலியைக் கேட்டு, அதைத் திரும்பச் சொல்வதே இப்பயிற்சியின் உயிர்நாடி. ‘ப’ என்னும்போது இதழ்கள் மூடித் திறப்பதும் ஒலி எழுவதும் ஒருசேர நிகழ வேண்டும். இதழ் திறந்து முடிந்தபின் ஒலி வந்தால் நோயாளி குழம்புகிறார். ‘அப்பாவுக்கு இன்னும் புரியவில்லையே’ என்று குடும்பத்தார் மனம் சோர்கின்றனர். சில வேளைகளில் குறை அப்பாவிடம் இல்லை. அவர் காதில் மாட்டியிருக்கும் ஹெட்போனில் இருக்கிறது.

புளூடூத் ஹெட்போனுக்கு ஒலி நேரே செல்வதில்லை. கணினி அதைச் சுருக்கிச் சிறு பொட்டலங்களாக அனுப்புகிறது. ஹெட்போன் அவற்றை விரித்து, இடையில் ஒன்றிரண்டு தவறினாலும் ஒலி அறுந்துவிடாதபடி சிறிது சேமித்துக்கொண்டு, அதன் பிறகே ஒலிக்கிறது. இதற்கு 150 முதல் 250 மில்லி விநாடி வரை பிடிப்பதுண்டு. 200 மில்லி விநாடியில் ஒலி காற்றில் ஏறத்தாழ 70 மீட்டர் கடந்துவிடும். ஆற்றின் மறுகரையில் துணி துவைப்பவரின் கை கல்லில் விழுந்த பிறகே ஓசை நம்மை எட்டுகிறதல்லவா, அதே இடைவெளிதான். ஒலி 125 மில்லி விநாடி பிந்தினாலே பார்ப்பவர்கள் உணரத் தொடங்குவர் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரை.

ஹெட்போனிலுள்ள மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் அது தொலைபேசி முறைக்கு மாறிவிடும். அப்போது தாமதம் குறையலாம். ஆனால் ஒலியின் தரம் தாழ்ந்து, ‘ச’, ‘ஸ’ போன்ற உரசொலிகள் மங்கும். பயிற்சிக்கு இதுவும் இடையூறே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தம் மைக்கின் ஒலியைத் தம் ஹெட்போனிலேயே கேட்கும் அமைப்பு சில கணினிகளில் இயங்கிக்கொண்டிருக்கும். தன் குரலையே ஏறத்தாழ 200 மில்லி விநாடி பிந்திக் கேட்டால், நலமாக இருப்பவருக்கும் நாக்குத் தடுமாறும். 1950ஆம் ஆண்டிலேயே பெர்னார்ட் லீ என்பவர் இதை விவரித்துள்ளார். (திக்கிப் பேசும் சிலருக்கு இதே தாமதத்தை அளவாகக் கொடுத்துச் சிகிச்சையாகப் பயன்படுத்துவதும் உண்டு, அது வேறு.) பேசப் போராடும் ஒருவருக்கு இந்த எதிரொலி பெருஞ்சுமை. அந்த அமைப்பை நிறுத்திவிடுங்கள்.

பயிற்சிக்கு எங்கள் முதல் பரிந்துரை, கம்பியுள்ள சாதாரண ஹெட்போன். அதில் உணரத்தக்க தாமதம் இல்லை. அமைதியான அறையானால் கணினியின் ஒலிபெருக்கியே போதும். செவித்துணைக் கருவி அணிந்தவர்கள் பெரும்பாலும் அதைக் கழற்றாமலே இவ்வாறு கேட்கலாம். கம்பி இடையூறாக இருக்குமெனில், யு.எஸ்.பி. துளையில் செருகும் தனிச் சிறு கருவியுடன் வரும் கம்பியில்லா ஹெட்போன்களைப் பாருங்கள். அவற்றில் தாமதம் பொதுவாகப் புளூடூத்தைவிட மிகக் குறைவு.

பதிவு செய்து தரப்படும் பயிற்சிக் காணொளிகளுக்கு எளிய வழியொன்று உண்டு. விண்டோஸ் கணினியில் வி.எல்.சி. செயலியில் அவற்றைத் திறந்து, ஆங்கில ‘ஜே’ விசையை அழுத்தினால், ஒவ்வோர் அழுத்தத்திற்கும் ஒலி 50 மில்லி விநாடி முன்வரும். மிகையாகிவிட்டால் ‘கே’ விசை பின்தள்ளும். நேரலை உரையாடலில் இது இயலாது. இன்னும் வந்துசேராத ஒலியை முன்னே இழுக்க வழியில்லை.

குறை ஹெட்போனிலா இணையத்திலா என்று அறிய, பயிற்சியின் தொடக்கத்தில் பயிற்சியாளரைக் கைதட்டச் சொல்லுங்கள். முதலில் ஹெட்போனிலும் பின்னர் ஒலிபெருக்கியிலும் கேளுங்கள். ஒலிபெருக்கியில் கையும் ஓசையும் பொருந்தினால் ஹெட்போனை மாற்றுங்கள். இரண்டிலும் பொருந்தாவிட்டால் இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைந்து பாருங்கள். அதன் பின்னும் சரியாகாவிட்டால் அன்றைய பயிற்சியைத் தொலைபேசியிலோ வேறொரு நாளிலோ வைத்துக்கொள்ளலாம். பயிற்சியாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.