குதிரை மாளிகை: ஓர் அரச குடும்பத்தின் கலைச் செல்வம்

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலுக்குத் தென்கிழக்கே, கோட்டை வளாகத்துக்குள் இருக்கிறது குதிரை மாளிகை. திருவிதாங்கூரை 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா கட்டிய அரண்மனை இது. புத்தன் மாளிகை என்பது அதற்கு இட்ட பெயர். தென்புறக் கூரையைத் தாங்கும் மரக்கட்டைகளில் 122 குதிரைகள் செதுக்கப்பட்டிருப்பதால் ஊரார் வாயில் அது குதிரை மாளிகை ஆகிவிட்டது. இன்றும் இது அரச குடும்பத்தின் உடைமை. தங்கள் முன்னோர் சேர்த்த கலைப்பொருள்களை அக்குடும்பத்தார் இதன் ஒரு பகுதியில் மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

தென்காசி, குற்றாலம் வட்டாரத்துக்கு இந்த மாளிகை அந்நியமானதல்ல. பக்கத்துச் செங்கோட்டை, மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்த 1956 நவம்பர் 1 வரை மலைக்கு மேற்கே இருந்த அரசோடுதான் சேர்ந்திருந்தது. குற்றாலத்தில் சீசன் காலத்தில் வந்து தங்கத் திருவிதாங்கூர் மன்னர்கள் ஓர் அரண்மனை வைத்திருந்தார்கள். அது இப்போது கேரள அரசின் வசம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையும் அப்படித்தான்: நிலம் தமிழ்நாட்டில், பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடம். ஒரே வம்சத்தின் வீடுகளில் இந்த இரண்டும் அரசின் கைக்குப் போக, குதிரை மாளிகை குடும்பத்தோடு தங்கிவிட்டது. அதனால் அங்கே வெறும் கட்டடத்தோடு, அக்குடும்பத்தார் சேர்த்த பொருள்களையும் சேர்த்துப் பார்க்க முடிகிறது.

மாளிகையைக் கட்டியவரின் வாழ்க்கை மிகக் குறுகியது. 1813இல் பிறந்த சுவாதித் திருநாள் 33 வயதில் மறைந்தார். அதற்குள் சமஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி ஆகிய மொழிகளில் ஏராளமான கீர்த்தனைகள் இயற்றினார். 1837இல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் அமைத்தார். ஆசையோடு கட்டிய இந்த மாளிகையில் அவர் வாழ்ந்தது சில காலமே. அவருக்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக இங்கே யாரும் குடியிருக்கவில்லை. பின்வந்தவர்கள் தங்கள் வசதிக்கேற்ப இடித்தும் கூட்டியும் கட்டாததால், கட்டியவரின் ரசனை பெருமளவு அப்படியே நமக்குக் கிடைத்திருக்கிறது.

உள்ளே வைத்திருக்கும் எந்தப் பொருளையும்விட மாளிகையின் மரவேலைதான் பெரிய கலைச் செல்வம். அதை அவசரமாகக் கடந்து போகக் கூடாது. தேக்கும் ஈட்டியும் கருங்கல்லும் கலந்து எழுந்த கட்டடம் இது. தென்மேற்குப் பருவமழையின் சாரல் சுவரில் அடிக்காமலிருக்க, கேரளத்துக் கூரைகள் சரிவாக இறங்கிச் சுவரைத் தாண்டி வெகுதூரம் நீண்டிருக்கும். நீண்ட இறவாரத்தின் பாரத்தைச் சுவரிலிருந்து சாய்வாகக் கிளம்பும் கட்டைகள் வாங்கிக்கொள்ள வேண்டும். வேறு வீடுகளில் வெறும் முட்டுக்கட்டையாக நின்றுவிடும் அந்த உறுப்பை இங்குள்ள ஆசாரிமார் குதிரையாக்கினார்கள். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகள் வரிசையாக ஓடுவது தெரியும். பாயும் குதிரையின் சாய்வும் பாரம் தாங்கும் கட்டையின் சாய்வும் ஒன்றாகிவிட்டதுதான் அந்தத் தச்சர்களின் மேதைமை. அழகுக்காகத் தனியே ஒட்டிவைத்தது எதுவும் அதில் இல்லை. உள்ளே தூண்களிலும் மேல்விதானத்திலும் பூவேலை தொடர்கிறது. மாடியில் கோயிலைப் பார்த்தபடி அமைந்த அறையில் இருந்துதான் மன்னர் பாடல்கள் இயற்றினார் என்று சொல்வார்கள்.

அருங்காட்சியகமாகத் திறந்திருப்பது சுமார் 20 அறைகள். மாளிகையின் பெரும்பகுதி மூடியே கிடக்கிறது. தொகுப்பில் எல்லோரும் தேடிப் பார்ப்பவை இரண்டு சிம்மாசனங்கள்: ஒன்று பளிங்குபோல் மின்னும் கண்ணாடியால் ஆனது, மற்றொன்று யானைத் தந்தத்தால் ஆனது. தந்தவேலையில் திருவிதாங்கூருக்கு அன்று உலகப் புகழ் இருந்தது. சுவாதித் திருநாளின் தம்பி உத்திரம் திருநாள், விக்டோரியா மகாராணிக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனம் 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதைக் காண இங்கிலாந்து போக வேண்டும். அதே மரபில் வந்த வேலைப்பாட்டை இங்கே அரச குடும்பத்தின் வீட்டிலேயே காணலாம். யானைகளின் உயிர் கலந்த கலை அது என்பதையும் மறக்க முடியாது; தந்த வணிகம் சட்டப்படி தடைசெய்யப்பட்ட இந்நாளில் அப்படியொன்று இனி உருவாகாது. இவை தவிர வாள், கேடயம், பல்லக்கு, பெரிய நிலைக்கண்ணாடிகள், கதகளி வேடங்களைக் காட்டும் உருவங்கள், மன்னர்களின் உருவப்படங்கள் ஆகியவையும் உண்டு.

உருவப்படங்களில் ஒன்றை வழிகாட்டிகள் தவறாமல் காட்டுவார்கள். இடப்பக்கம் நின்றாலும் வலப்பக்கம் நின்றாலும் படத்திலிருப்பவரின் முகமும் காலணியும் பார்ப்பவர் பக்கமே திரும்புவதுபோல் தோன்றும். இதில் மாயம் எதுவுமில்லை. கல்லில் வடித்த சிலையைச் சுற்றி நடந்தால் அதன் பக்கவாட்டுத் தோற்றம் புலப்படும். தட்டையான திரையில் வரைந்த படத்துக்குப் பக்கவாட்டே கிடையாது. ஓவியர் கண்ணையும் காலணி முனையையும் நேர் எதிரே நோக்கி வரைந்துவிட்டால், எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் அவை பார்ப்பவரையே நோக்கும். முன்நீண்ட காலணியைத் தட்டைத் திரையில் சுருக்கி வரைந்த ஓவியரின் தேர்ச்சியைத்தான் அங்கே கவனிக்க வேண்டும்.

சுவாதித் திருநாளின் அவைக்குத் தமிழ்நாடு கொடுத்தது நிறைய. தஞ்சை நால்வர் என்று பேர்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரை அவர் ஆதரித்தார். அவர்களில் இளையவரான வடிவேலு வயலினில் விற்பன்னர். அவருக்கு மன்னர் 1834இல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். மதுரையைச் சேர்ந்த ஓவியர் அழகிரி நாயுடுவும் அந்த அவையில் இருந்தார். தமிழ்நாட்டோடுள்ள அந்த உறவு இன்றும் தொடர்கிறது: நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் கோட்டைக்கு எழுந்தருளுகிறார்கள். ஜனவரி மாதத்தில் மாளிகை முற்றத்தில் சுவாதி சங்கீத உற்சவம் நடக்கும். மன்னரின் பாடல்களை அவர் வீட்டு முற்றத்திலேயே கேட்க வேண்டுமென்றால் அந்த நாள்களில் போக வேண்டும்.

தென்காசியிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழா, நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மலைப்பாதை என்பதால் விடியற்காலையில் கிளம்புவது நல்லது. மாளிகையை நண்பகலில் சில மணி நேரம் மூடிவிடுவார்கள். நுழைவுக் கட்டணம் உண்டு. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அறைகளுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. வழிகாட்டி கூடவே வருவார். ராஜா ரவி வர்மாவின் ஓவியங்களைக் காண விரும்புகிறவர்கள் இங்கிருந்து நகரின் மிருகக்காட்சிச்சாலை வளாகத்துக்குப் போகலாம். 1935இல் தொடங்கிய ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடமும் அங்கேதான் இருக்கிறது. மாளிகைக்கும் ஓவியக்கூடத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை.