காற்றைச் சிறைப்படுத்தும் சட்டை

மும்பையில் வாழும் தமிழருக்குக் குளிர்ச் சட்டை எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஜனவரியிலும் இந்நகரின் இரவு வெப்பநிலை சராசரியாக 17 டிகிரி அளவில் நிற்கிறது. 1962 ஜனவரி 22 அன்று சாந்தாக்ரூஸில் அது 7.4 டிகிரிக்கு இறங்கியது மிக அபூர்வமான நிகழ்ச்சி. ஆனால் மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் கல்வியின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் தில்லி முதலிய வட நகரங்களுக்குச் செல்கின்றனர். மும்பையில் அபூர்வமாக நேர்ந்த அக்குளிர், தில்லியில் ஜனவரி மாதத்து அன்றாட இரவு.

தக்க உடையின்றிக் குளிரை எதிர்ப்பது எத்துணைக் கொடியது என்பதை அதே 1962 ஆம் ஆண்டின் பிற்பகுதி காட்டிற்று. சீனப் போரின்போது வடகிழக்கு எல்லை மலைகளுக்கு விரைந்து அனுப்பப்பட்ட நம் வீரர் பலர் பருத்திச் சீருடையுடனேயே நின்றனர். நாடெங்கும் மாதர் கம்பளிச் சட்டை பின்னி அவர்களுக்கு அனுப்பினர்.

உடை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடல் உண்டாக்கும் வெப்பத்தை வெளியேறாமல் காக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளி இழை சுருண்டிருப்பதால் அதனிடையே காற்று தங்குகிறது; பஞ்சிலும் அவ்வாறே. கனத்த துணி ஒன்றைக் காட்டிலும், இடையே காற்று நிற்கும் மெல்லிய துணிகள் இரண்டு பல சமயம் மிகுந்த கதகதப்பைத் தருவது இதனால்தான். ஆனால் வெளிக்காற்று உள்ளே புகுந்தால், நின்ற காற்று கலைந்துவிடும். ஆகவே குளிர்ச் சட்டைக்குத் தொழில் இரண்டு: உள்ளடுக்கு காற்றைப் பிடித்து வைக்க வேண்டும், வெளியடுக்கு காற்றைத் தடுக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தனர். இன்றும் அங்கே தோற்சட்டைகள் விற்கப்படுகின்றன. தோல் காற்றை நன்கு தடுக்கும். ஆயினும் உள்ளே அஸ்தர் இல்லையேல் அதனால் மட்டும் போதிய கதகதப்பு வாராது. மகாராஷ்டிரப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கி, ஓட்டுத் தையலிட்டு உருவாக்கும் கோதடியோ காற்றைப் பிடிக்கும், ஆனால் தடுக்காது. இவ்விரண்டின் குணத்தையும் ஒரே சட்டையில் சேர்த்தால் நம் காரியம் கைகூடும்.

நடுத்தர உடலுக்கு, 58 அங்குல அகலமுள்ள நெருக்க நெசவுத் துணி 2 மீட்டர் வெளிப்புறத்துக்குப் போதும். அஸ்தருக்கு வழவழப்பான துணியும், இடையில் வைக்கப் பஞ்சு விரிப்பும், அதன் மேல் போர்த்த மெல்லிய மல் துணியும் ஏறக்குறைய அதே அளவு வேண்டும். மங்கள்தாஸ் மார்க்கெட்டில் துணிகளை வாங்கலாம். பருத்தித் துணியாயின், வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்துக. இல்லையேல் தைத்தபின் சுருங்கும்.

மார்பளவோடு 6 முதல் 8 அங்குலம் வரை கூட்டிக்கொள்க. சட்டை இறுகினால் பஞ்சு நசுங்கும். பஞ்சு நசுங்கினால் காற்றும் போய்விடும். அஸ்தர், பஞ்சு, மல் ஆகிய மூன்றையும் முதலில் தேவைக்கு 2 அங்குலம் பெரிதாக வெட்டி, 3 அங்குல இடைவெளியில் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தையலோட்டுக. தையலில் துணி சிறிது சுருங்குமாதலால், அதன் பின்னரே அளவுக்கு வெட்டுவது முறை. மூட்டுமிடங்களில் ஓரப் பஞ்சைக் கத்தரித்து நீக்கினால் தையல் புடைக்காது.

இத்தையல்களை வெளித்துணி வரை கொண்டு செல்லாதிருப்பது நலம். தையல் விழும் இடத்தில் பஞ்சு அமுங்கும். ஊசித்துளை வழியே காற்றும் நுழையும். ஆகவே வெளிச்சட்டையைத் தனியாகவும் உட்சட்டையைத் தனியாகவும் தோள், கை, பக்கம் என்ற வரிசையில் மூட்டி, ஒன்றினுள் மற்றொன்றைச் செருகி, கழுத்திலும் முன்புறத்திலும் கீழ் ஓரத்திலும் கைமுனையிலும் இணைக்க வேண்டும். முன்புறத்து ஜிப்பின் பின்னால் 2 அங்குலப் பட்டி ஒன்று வைத்தால் அவ்வழியே காற்று வாராது. கழுத்துப் பட்டியை உயர்த்தியும், கைமுனையை எலாஸ்டிக்கால் சுருக்கியும் தைக்க வேண்டும்; கதகதப்பு தப்பி ஓடும் வாயில்கள் அவையே.

பருத்திப் பஞ்சு நனைந்தால் ஒட்டிக்கொண்டு காற்றை இழக்கும், துவைத்தால் கட்டிபடும். அடிக்கடி துவைப்போருக்கு விரிப்பாக விற்கும் செயற்கைப் பஞ்சே ஏற்றது.

புதிதாகத் தைப்போர் முதலில் கையில்லாச் சட்டை ஒன்றைத் தைத்துப் பழகலாம். அது வீண்போகாது; வீட்டு முதியவர்களுக்கு மும்பையின் மார்கழி விடியலுக்கு அதுவே போதும். தில்லிக்குப் புறப்படும் பிள்ளைக்கோ, கை வைத்த சட்டை டிசம்பருக்கு முன்பே பெட்டியில் இருக்கட்டும்.