பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ்: எது வேகமாகும், எது ஆகாது?

ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து வருட லேப்டாப் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. ‘காயலான் கடையில போட்டுட்டுப் புதுசு வாங்கு’ என்பார்கள் சிலர். ‘லினக்ஸ் போடு, சும்மா பறக்கும்’ என்பார்கள் வேறு சிலர். இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்தவர்களுக்குக் கூடுதல் காலம் பாதுகாப்பு அப்டேட் உண்டு என்றாலும், அது தற்காலிக ஏற்பாடுதான். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி எல்லாம் வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். பழைய லேப்டாப்புகள் பலவும் இங்கேயே அவுட்.

அப்டேட் நின்றாலும் கணினி ஓடும். ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. அதில் நெட் பேங்கிங் செய்வது பூட்டு இல்லாத வீட்டில் நகையை வைப்பது மாதிரி.

‘லைட்வெயிட்’ என்பது எதில்?

லினக்ஸின் மையமான ‘கர்னல்’ எல்லா வகைகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் அதன்மேல் உட்காரும் டெஸ்க்டாப்பில் இருக்கிறது. உபுண்டுவில் வழக்கமாக வரும் க்னோம் டெஸ்க்டாப்புக்கு ரேம் அதிகம் வேண்டும். எக்ஸ்.எஃப்.சி.இ., எல்.எக்ஸ்.கியூ.டி. ஆகியவை எளிமையானவை. அதனால் சில நூறு எம்.பி. ரேம் மிச்சமாகும். 2 ஜி.பி. மட்டுமே இருக்கும் கணினியில் அது பெரிய விஷயம்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

* 4 ஜி.பி. ரேம்: லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. விண்டோஸ் பழகியவர்களுக்குக் கை உடனே படியும்.
* 2 ஜி.பி. ரேம்: எல்.எக்ஸ்.கியூ.டி.யுடன் வரும் லுபுண்டு.
* 1 ஜி.பி. அல்லது அதற்கும் கீழ்: ஆன்டிஎக்ஸ், பப்பி லினக்ஸ்.

பழைய ஆட்டம் பிராசஸர் நெட்புக்குகள் சில 32-பிட் வகை. உபுண்டு, மின்ட் ஆகியவற்றின் இப்போதைய பதிப்புகள் அவற்றில் ஏறாது. ஆன்டிஎக்ஸ் போன்ற சிலவற்றில்தான் 32-பிட் பதிப்பு கிடைக்கிறது.

பிரவுசர்தான் பெரிய தீனிக்காரன்

பலரும் ஏமாந்துபோகும் இடம் இதுதான். லினக்ஸ் போட்டதும் லேப்டாப் சட்டென்று திறக்கும். ஆனால், ஜிமெயில், யூடியூப், இரண்டு ஷாப்பிங் தளம் என டேப்களைத் திறந்தால் பழைய குதிரை மறுபடி நொண்டும். காரணம், இணையதளங்கள் விண்டோஸில் கேட்கும் ரேமைத்தான் லினக்ஸிலும் கேட்கும். டேப்களைக் குறைப்பது, விளம்பரத் தடுப்பான் போடுவது, ரேமில் உள்ளதைச் சுருக்கி வைக்கும் ‘இசட்-ரேம்’ வசதியை இயக்குவது ஆகியவை ஓரளவு உதவும்.

யூடியூப் வீடியோ திக்கினால், அது புதிய வீடியோ ஃபார்மட்டில் வருவது காரணமாக இருக்கலாம். பழைய கிராபிக்ஸ் சிப்பால் அதைக் கையாள முடியாததால் வேலை முழுதும் பிராசஸர் தலையில் விழும். ஹெச்.264 ஃபார்மட்டையே கேட்டு வாங்கும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன. 480பி தரத்தில் பார்ப்பதும் ஒரு வழி.

முதல் செலவு எதற்கு?

பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் கிடைக்கும் வேகம், எந்த லினக்ஸை மாற்றிப் போட்டாலும் கிடைக்காது. அடுத்தது ரேம். சில மெலிதான மாடல்களில் ரேமும் சேமிப்பிடமும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. வாங்கும் முன் மாடல் எண்ணைச் சொல்லி மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பேட்டரி உப்பியிருந்தால் மற்றதெல்லாம் அப்புறம். முதலில் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டுக் கடையில் கொடுத்துக் கழற்ற வேண்டும்.

அழிக்கும் முன் ஓட்டிப் பாருங்கள்

லினக்ஸை 8 ஜி.பி. பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். எட்சர், ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருள்கள் போதும். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா, வீட்டு பிரின்டர் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். சில பழைய வைஃபை சிப்களுக்கு டிரைவரைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். எல்லாம் சரி என்றால், போட்டோக்களையும் ஆவணங்களையும் வேறு டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, அதன் பிறகு இன்ஸ்டால் செய்யுங்கள்.

யாருக்குச் சரிப்படாது?

போட்டோஷாப், டேலி, அலுவலகம் கட்டாயமாக்கிய விண்டோஸ் மென்பொருள் ஆகியவற்றை நம்பிப் பிழைப்பு நடத்துபவர்கள் அவசரப்பட வேண்டாம். அவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. கடிதம், கணக்கு, பிரசன்டேஷன் வேலைகளுக்கு லிப்ரே ஆபிஸ் போதும். தமிழ் 99 விசைப்பலகை, ஒலிபெயர்ப்பு முறை இரண்டும் லினக்ஸில் உண்டு.

தமிழகத்துக்கு இது புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பல கணினிகளில், விண்டோஸோடு சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. அப்படி ஒன்று வீட்டுப் பரணில் கிடந்தால், அம்மா சீரியல் பார்க்கவும், பிள்ளை டைப்பிங் பழகவும், வேலைக்கு ரெஸ்யூமே அடிக்கவும் அதற்கு இன்னும் தெம்பு இருக்கலாம். ஒரு பென்டிரைவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் செலவழித்தால் தெரிந்துவிடும்.