உறுப்பு மாற்று சிகிச்சையும் ஈகையின் கணக்கும்

சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்த வேண்டும், இத்தனை இலட்சம் ரூபாய் தேவை என்ற வேண்டுகோளை ஜும்ஆ தொழுகைக்குப் பின் நம் பள்ளிவாசல்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். நம் மக்களின் கை அப்போதெல்லாம் தாராளமாகவே நீண்டிருக்கிறது. பணம் சேர்கிறது, அறுவை சிகிச்சை நடக்கிறது, நோயாளி வீடு திரும்புகிறார். கடமை நிறைவேறிவிட்டது என நாமும் அமைதி கொள்கிறோம். ஆனால் அக்குடும்பத்தின் நெடுஞ்செலவு அன்றுதான் தொடங்குகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதன் காரணம் உடலின் இயல்பிலேயே அமைந்துள்ளது. பிறர் உறுப்பை நம் உடல் அயலாகவே கருதி எதிர்க்கும். அவ்வெதிர்ப்பைத் தணிக்கும் டாக்ரோலிமஸ் முதலிய மருந்துகளை, பொருத்திய உறுப்பு இயங்கும் காலம் முழுவதும் நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டும். குருதியில் மருந்தின் அளவை அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். பணமின்மையால் மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ உடல் அவ்வுறுப்பை நிராகரித்துவிடக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் நோயாளி மீண்டும் டயாலிசிஸ் படுக்கைக்கே திரும்புகிறார். ஊரார் திரட்டிய இலட்சங்கள் மட்டுமின்றி, உறுப்பை ஈந்தவரின் தியாகமும் வீணாகிறது.

உறுப்பு மாற்றின் மார்க்க நிலை பற்றி அறிஞர்களிடையே நெடிய ஆய்வு நடந்துள்ளது. பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ போன்றோர் இதனை ஏற்கவில்லை. 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி நிபந்தனைகளுடன் அனுமதித்தது. நலமுள்ள ஒருவர் நோயுற்ற உறவினருக்குத் தம் இரு சிறுநீரகங்களுள் ஒன்றை விலையின்றி வழங்கலாம் என்பதை இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1989இல் ஏற்றது. மனித உறுப்பு விற்பனைப் பொருளன்று என்பதில் மட்டும் இரு தரப்பாரிடையேயும் வேறுபாடு இல்லை. 1994ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும் உறுப்பு வணிகத்தைக் குற்றமாக்கியுள்ளது.

இவ்விலக்கின் நியாயத்தை நம் மாநிலத்தின் அனுபவமே உணர்த்தும். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. அவர்களுள் நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். விற்ற பின் குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நான்கில் மூவர் ஆய்வின்போதும் கடனாளிகளாகவே இருந்தனர். உறுப்பைத் தந்தும் கடன் தீரவில்லை; உடல்நலமும் குன்றிற்று. கடன்பட்டோரை ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் ஒருவராக அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் குறிப்பது ஈண்டு ஆழ்ந்து எண்ணத்தக்கது. கடன்பட்டோர் பங்கு உரிய காலத்தில் உரியவரைச் சேர்ந்திருந்தால், விற்கும் நிலைக்கு வாராதிருந்தோர் எத்தனை பேரோ!

உறுப்பை விற்றல் வேறு. ஈந்தவருக்கு நேர்ந்த இழப்பை ஈடு செய்தல் வேறு. உறுப்பு ஈவதால் நேரடியாக ஏற்படும் நியாயமான செலவையும் வருமான இழப்பையும் ஈடு செய்வதை, விலக்கப்பட்ட ‘பணம் தருதல்’ என்பதில் மேற்சொன்ன சட்டம் சேர்க்கவில்லை. நம் நாட்டில் உயிருடன் உறுப்பு ஈவோரில் பெண்களே மிகுதி. தாயோ மனைவியோ உறுப்பு ஈந்து ஓய்வில் இருக்க, கணவனோ மகனோ சிகிச்சையில் இருக்க, அவ்வீட்டில் அடுப்பெரிவது எவ்வாறு? நோயாளிக்கென நிதி திரட்டும் நாம் அவ்வீட்டின் வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் கணக்கில் சேர்ப்பது அரிது.

எந்த நிதியை எதற்குச் செலவிடலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். ஹனஃபி மத்ஹபில் ஜகாத் நிறைவேற, தகுதியுடையவரை அப்பொருளுக்கு உரிமையாளராக்குதல் நிபந்தனையாகும். தம்லீக் என்பது இதுவே. ஆகவே ஜகாத் பணத்தைக் கட்டடத்திற்கோ கருவிக்கோ செலவிடல் ஆகாது. தகுதியுள்ள ஏழை நோயாளியின் கையில் பணமாகவோ மருந்தாகவோ தரலாம். அவர் யாரையேனும் தம் வக்கீலாக நியமித்தால், அவர் சார்பில் பெற்று மருத்துவமனைக்குச் செலுத்தலாம். ஸதகாவுக்கும் வக்ஃபின் வருவாய்க்கும் இதனினும் விரிந்த இடமுண்டு. ஸதகாவைச் சமய வேறுபாடின்றி எவருக்கும் வழங்கலாம்.

தொடர்ந்து உதவுதல் இயலக்கூடியதே என்பதற்குக் கராச்சியின் சிந்து சிறுநீரகவியல் மற்றும் உறுப்பு மாற்று நிறுவனம் சான்றாகும். 1970களின் தொடக்கத்தில் சிவில் மருத்துவமனையில் எட்டுப் படுக்கைகளுடன் டாக்டர் அதீப் ரிஸ்வி தொடங்கிய பிரிவு அது. 1985இல் அங்கு முதல் சிறுநீரக மாற்று நடந்தது. அரசின் மானியத்தோடு மக்களின் நன்கொடையும் சேர்ந்து அதனை வளர்த்தன. சிகிச்சை மட்டுமன்றி அதன் பின்னான மருந்துகளும் கட்டணமின்றி வழங்கப்பட்டன. உறுப்பு ஈந்தோரின் உடல்நலமும் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டது. ஏழை தன்மானம் இழக்காமல் சிகிச்சை பெற வேண்டும் என்பதே அதன் கொள்கை.

இது நம் மரபுக்குப் புதிதன்று. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மருத்துவமனை வக்ஃப் சொத்துகளின் வருவாயால் இயங்கியது. குணமடைந்து வெளியேறுவோருக்கு உதவி செய்வதும் அதன் பணிகளுள் ஒன்றாக இருந்தது. நோய் நீங்கியவுடன் வறுமை நீங்கிவிடாது என்பதை அம்முன்னோர் உணர்ந்திருந்தனர்.

நம் ஜமாஅத்துகளும் பைத்துல் மால்களும் செய்யத்தக்கன சில உள. முதலாவதாக, நோயாளியின் குடும்பம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், பிரதமரின் தேசிய நிவாரண நிதி போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கத் துணை நிற்க வேண்டும். அரசு தரும் தொகைக்கு மக்களிடம் கையேந்தத் தேவையில்லை. இரண்டாவதாக, திரட்டும் நிதியை ஒரே நாளில் கொடுத்து முடிக்காமல், அறுவை சிகிச்சைக்கு ஒரு பங்கு, இரு வீட்டாரின் வாழ்க்கைச் செலவுக்கு ஒரு பங்கு, பின்வரும் ஆண்டுகளின் மருந்துக்கு ஒரு பங்கு எனத் தொடக்கத்திலேயே வகுத்தல் வேண்டும். நன்கொடையாளரிடமும் அவ்வாறே அறிவித்துப் பெற வேண்டும். மூன்றாவதாக, வாடகை வருவாயுள்ள கடையொன்றை ஊர்ச் செல்வந்தர் மருந்துக்கென்றே வக்ஃபு செய்யலாம். ஒவ்வொரு மாதமும் ஒரு நோயாளியின் உறுப்பைக் காக்கும் அந்த வாடகையினும் சிறந்த ஸதகத்துல் ஜாரியா எது?

நோயாளியின் படத்தைச் சுவரொட்டியாக்கி வீதிதோறும் ஒட்டும் வழக்கத்தையும் நாம் மறுபரிசீலனை செய்தல் நலம். குணமடைந்த பின் அதே வீதியில்தான் அவர் நடமாட வேண்டும்; அவருடைய பெண்மக்களுக்கு அதே ஊரில்தான் வரன் தேட வேண்டும். உறுதிப்படுத்தப்பட்ட மருத்துவச் சான்றும், பெயர் வெளியிடாத அறிவிப்பும், ஒளிவற்ற வரவு செலவுக் கணக்கும் இருப்பின் கொடுப்போரின் நம்பிக்கைக்கு அவை போதும்.

அறுவை சிகிச்சை நாளன்று நூறு பேர் மருத்துவமனை வாயிலில் கூடுகின்றனர். மூன்றாம் ஆண்டில் மருந்துக் கடையின் முன் அந்நோயாளி தனித்து நிற்கிறார். நம் ஈகை அவ்விடம் வரை சென்றால்தான், முன்னர் நாம் கொடுத்ததும் பயன் தரும்.